சர்க்கரையைக் குறைத்தது கஷாயமா, மோரில் கலந்த மாத்திரையா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 63. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. நான்கு மாதம் முன்பு ஒரு நாள் 340 காட்டியது. “இத்தனை வருஷம் மாத்திரை தின்னும் இதுதான் மிச்சமா?” என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கஷாயத்துக்கு மாறிவிட்டார். கூடவே அவர் சொன்ன பத்தியமும்: டீக்கடை டீ கிடையாது, ராத்திரி சோறு கிடையாது, காலையில் 40 நிமிஷம் நடை. ஒரே மாதத்தில் 190. அதற்குப் பிறகு யார் சொல்லும் எடுபடவில்லை. பெரியப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த எட்டாவது மாதம் காலை எடுத்தார்கள், அதனால் ஊசிதான் காலைத் தின்றது என்கிறார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு மாத்திரையால் கிட்னி போய்விட்டதாம், டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டாராம். தாத்தா மாத்திரை என்ற பேச்சே இல்லாமல் 91 வயது வரை இருந்தார். மாத்திரையில் ஆரம்பித்தால் ஊசி, ஊசிக்கு அப்புறம் கால், அதனால் ஆரம்பிக்கவே கூடாது என்பது அவருடைய முடிவு.

மூன்று வாரம் முன்பு எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 9.4. பயந்துபோன வாசகி பத்து நாளாகப் பழைய மாத்திரையைப் பொடித்து, அப்பாவுக்குத் தெரியாமல் ராத்திரி மோரில் கலந்து கொடுக்கிறார். இப்போது வெறும் வயிற்றில் 118. நடுவில் ஒரு நாள் விடிகாலை உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. கஷாயம் கெட்டதை வெளியே தள்ளுகிறது என்றாராம் அப்பா. தெரு முழுக்க 118-ஐச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு, அவரோடு பல வருஷம் ஒரே பஸ்ஸை ஓட்டிய டிரைவர் நண்பர் தன் இன்சுலினை நிறுத்திக் கஷாயத்துக்கு மாறி ஐந்து நாள் ஆகிறது. “இந்த முட்டாள்தனமான வாதத்தை எப்படி உடைப்பது, மாத்திரையைத் தொடர்ந்து கலக்கலாமா?” இதுதான் கேள்வி. அப்பாவின் சர்க்கரை டைரியில் இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்கு வருவதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது. இரண்டும் இன்றைக்கே நடக்க வேண்டும்.

இன்றைக்கே

முதலில் அந்த டிரைவர் ஐயா. உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், ஆனால் இந்தக் கதையில் மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவர் அவர்தான். இன்சுலின் தேவைப்படும் உடம்புக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் சில நாளிலேயே சர்க்கரை தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரையைப் பாருங்கள், அவருக்கு ஊசி எழுதிய டாக்டரிடம் போனில் பேசி எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று கேளுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, மயக்கமாகவே இருப்பது, இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது அந்த மோர். இன்று ராத்திரி கலக்காதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட மாத்திரை கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அப்பா ராத்திரி சோற்றை விட்டுவிட்டார், கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதற்கு மேல் இது. விடிகாலை வியர்த்து நடுங்கியது பெரும்பாலும் சர்க்கரை கீழே இறங்கியதால்தான். இன்னொன்று, இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் மெட்ஃபார்மின் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாதிரிச் செய்யப்பட்டிருக்கும், பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். மறுபடி வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும். பேச்சு குழறினால் அல்லது நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கலப்பதை நிறுத்தினால் ஏறிவிடுமே என்று கேட்பீர்கள். ஏறும். இந்த வாரத்துக்குள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அதுவரை ஏறுவதைவிட யாருக்கும் தெரியாமல் நடுராத்திரி இறங்குவதுதான் எனக்குப் பயம்.

118 யாருடைய 118?

இப்போது உங்கள் கேள்வி. நான்கு மாதமாக நீங்கள் அப்பாவோடு மல்லுக்கு நிற்பது ஒரே ஒரு விஷயத்துக்காக: கஷாயம் குடித்தார், சர்க்கரை இறங்கியது, அதனால் கஷாயம்தான் இறக்கியது என்ற அந்த முடிச்சு. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பழம் விழுந்தது நிஜம், காகம் உட்கார்ந்ததும் நிஜம். ஆனால் பழம் எப்போது பழுத்தது என்று யாரும் மரத்தில் ஏறிப் பார்க்கவில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், அப்பாவுக்குத் தெரியாமல் மரத்தில் ஏறிப் பழத்தைத் தள்ளிவிட்டீர்கள். கடிதத்தைப் படிக்கும்போது என் மனசு கனத்தது இந்த இடத்தில்தான். 190-ல் நின்றபோது அவருக்கே உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கலாம், டைரியின் இரண்டாவது பக்கத்தில் நாலைந்து நாள் 190, 196, 188 என்று வந்த இடத்தில் பேனாவை அழுத்தி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதற்கடுத்து 151, 134, 118. உங்கள் கண்ணில் அது மாத்திரை, அவர் கண்ணில் அது கஷாயம். அவருக்குத் தெரிந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் எடுத்த முடிவில் பெரிய தப்பில்லை. அதைக் கேட்டு ஊசியை நிறுத்திய டிரைவர் ஐயாவும் அப்படியே. நீங்கள் பாசத்தில்தான் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 118 இப்போது இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டது, அதைத் திருப்பி வாங்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் முட்டாள்தனம் என்ற சொல்லை முதலில் கீழே வைத்துவிடுங்கள். நாங்கள் டாக்டர்களும் இதில் விழுகிறவர்கள்தான். வைரஸ் காய்ச்சலோடு நாலாம் நாள் வருகிறவருக்கு ஊசி போட்டால் அஞ்சாம் நாள் காய்ச்சல் விடும், போடாவிட்டாலும் அநேகமாக அஞ்சாம் நாள் விடும். ஊசி போட்ட டாக்டருக்குக் கைராசி என்று பெயர் வரும், போடாமல் ‘தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள்’ என்று சொன்னவரிடம் அடுத்த முறை யாரும் போக மாட்டார்கள். அந்தக் கைராசியை நம்பிய டாக்டர்களை எனக்குத் தெரியும், ஆரம்ப வருஷங்களில் நானும் கொஞ்சம் நம்பினேன்.

அப்பாவின் கணக்கு

அவர் சொல்லும் காரணங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு உண்மை இருக்கிறது. உண்மையிலிருந்து முடிவுக்குப் போகிற வழியில்தான் இடறுகிறது. அதனால்தான் ‘நீங்கள் சொல்வதெல்லாம் பொய்’ என்று நீங்கள் சொல்லும்போது அவர் காது மூடிக்கொள்கிறது.

340 – 190. டைரியை உற்றுப் பாருங்கள். 340-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சா.பி.’ என்று இருக்கிறது, சாப்பிட்ட பின். 190-க்குப் பக்கத்தில் ‘வெ.வ.’, வெறும் வயிறு. இரண்டும் இரண்டு வேறு அளவு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவே முடியாது. அது மட்டுமில்லை. அந்த 340 வந்த வாரத்துக்கு முந்தின வாரம் மூட்டு வலிக்கு முழங்காலில் ஊசி போட்டதாக நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூட்டுக்குள் போடும் ஊசி பல சமயம் ஸ்டீராய்டு, அது சர்க்கரையைச் சில நாள் தூக்கிவிடும், பிறகு தானாக இறங்கும். என்ன ஊசி என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். அப்படி இருந்தால், அவர் மாத்திரையைக் குற்றவாளி ஆக்கியது அது செய்யாத குற்றத்துக்காக.

இதை அவருடைய தொழிலிலேயே வைத்துப் புரிய வைக்கலாம். முகூர்த்த நாளில் வண்டி பிதுங்கும், கலெக்‌ஷன் அள்ளும். மறுநாள் வேறு கண்டக்டர் ஏறுகிறார், கலெக்‌ஷன் பாதியாகிறது. புதுக் கண்டக்டர் சரியில்லை என்று டிப்போவில் யாராவது எழுதினால் அப்பா சும்மா இருப்பாரா? முகூர்த்தம் முடிந்ததால் குறைந்தது, ஆள் மாறியதால் இல்லை என்று அவருக்குத் தெரியும். மிக மோசமான ஒரு நாளில் மருந்தை மாற்றினால், அடுத்து வருகிற நாள் பெரும்பாலும் அதைவிட நல்லதாகத்தான் இருக்கும், புது மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் கூட. அதோடு டீயும் ராத்திரிச் சோறும் நின்றிருக்கிறது, 40 நிமிஷம் நடக்கிறார். இதெல்லாம் நிஜமாகவே சர்க்கரையைக் குறைக்கும். நான்கு பேர் சேர்ந்து தள்ளிய வண்டிக்கு ஒருவருக்கு மட்டும் பெயர் கிடைத்திருக்கிறது.

9.4-ஐ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும், அந்த நாட்களில் அதன் மேல் எவ்வளவு சர்க்கரை படிந்தது என்பதுதான் எச்பிஏ1சி. 9.4 என்றால் மூன்று மாத சராசரி சுமார் 223. விடிகாலை ஒரு சொட்டு ரத்தம் ஒரு டிரிப்பின் கலெக்‌ஷன், இது மாசக் கணக்கு.

பெரியப்பாவின் கால். நீங்கள் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: ‘கால் விரல் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஊசி ஆரம்பித்தார்கள்.’ புண் முதலில், ஊசி பிறகு. வருஷக்கணக்காகச் சர்க்கரை உயர்ந்து கிடந்ததால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, செருப்புக் கடித்தது கூடத் தெரியாமல் புண் ஆகிறது, அதில் கிருமி ஏறுகிறது, நிலைமை கைமீறும்போது இன்சுலின் தொடங்குகிறோம். நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸுக்குப் பக்கத்தில் எப்போதும் பிரேக்டவுன் வண்டி நிற்கும். அந்த வண்டி போகிற இடத்திலெல்லாம் ஒரு பஸ் கெட்டுத்தான் கிடக்கிறது, அதில் சந்தேகமில்லை. வண்டி வந்ததால் பஸ் கெட்டது என்று அப்பா சொல்வாரா? இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிற ஆயிரக்கணக்கானவர்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவர்கள் சட்டைக்குள் ஊசி போட்ட இடம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு, உடம்பில் இன்சுலினே சுரக்காத அவனுடைய வகைச் சர்க்கரை வந்த குழந்தைகள் பட்டினி போடப்பட்டுக் கொஞ்ச நாளில் இறந்துபோனார்கள்.

கிட்னி. இங்கே காரணமும் விளைவும் இடம் மாறிப் போயிருக்கின்றன. சிறுநீரகம் வடிகட்டும் அளவு 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். அது கிட்னியைக் கெடுத்ததால் இல்லை. கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் உடம்பில் தேங்கும் என்பதால். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போச்சு, டாக்டரே நிறுத்திட்டார்’ என்றுதான் தெரியும். உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்.

தாத்தா. அவர் 91 வரை இருந்தது சந்தோஷம். அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. அதே தெருவில் 55-ல் போனவர்களை ‘நல்லா இருந்தார், திடீர்னு போயிட்டார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், உதாரணம் சொல்ல அவர்களைக் கூப்பிடுவதில்லை. நம் பழைய தர்க்க நூல்கள் இந்த மாதிரித் தப்பான உதாரணத்துக்குத் திட்டாந்தப் போலி என்று பெயரே வைத்திருக்கின்றன.

மாத்திரை, ஊசி, கால் என்ற அந்தப் படிக்கட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பாவின் பயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பலருக்கு வருஷம் போகப் போக மருந்து கூடத்தான் செய்கிறது, அவர் கண்ணால் பார்த்தது சரி. ஆனால் மருந்து கூட்டுவது நோய் வளர்வதால். மருந்துதான் நோயை வளர்க்கிறதா என்று சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரே நியாயமான வழி, ஒரே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துப் பல வருஷம் பின்தொடர்வது. குலுக்கல் ஏன் என்றால், பெரியப்பா மாதிரி ஏற்கெனவே மோசமாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போய்ச் சேராமல் இருக்க. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரைச் சேர்த்து அப்படித்தான் செய்தார்கள். 1998-ல் முடிவு வந்தது. மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துச் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்திய பக்கத்தில் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைவு. படிக்கட்டில் இறங்குவதை மருந்து வேகப்படுத்தவில்லை, மெதுவாக்கியது.

கஷாயம் இயற்கை, மாத்திரை கெமிக்கல் என்கிறார் அல்லவா, மெட்ஃபார்மினின் வேரும் ஐரோப்பாவில் வளரும் ஒரு செடியில்தான் இருக்கிறது. அந்தச் செடியில் இருந்த பொருளைப் பார்த்து, அதைவிடப் பாதுகாப்பான ஒன்றாகச் செய்து, 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அரளி விதையும் இயற்கைதான், அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலும்

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வாதத்திலும் சில இடறல் இருக்கிறது.

‘அந்த ஆளுக்கு ஒரு படிப்பும் கிடையாது, அவன் சொல்வது எப்படி உண்மையாகும்’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் யார் என்பதும் சொன்னது சரியா என்பதும் இரண்டு தனிக் கேள்வி. படிக்காத அந்த மனிதர் டீயை நிறுத்து, ராத்திரி குறைத்துச் சாப்பிடு, நட என்று சொன்னது மூன்றுமே சரி, ஒன்பது வருஷமாக டாக்டர் சொல்லியும் அப்பா செய்யாததை அவர் செய்ய வைத்திருக்கிறார். எல்லாமே மோசடி என்று நீங்கள் சொன்னால், பலன் தந்த இந்த மூன்றையும் சேர்த்து மறுக்கிறீர்கள், அப்பா உங்களை நம்பாமல் போவதற்கு அது போதும். அதே நியாயம் எனக்கும்: நான் எம்.டி. படித்தவன் என்பதற்காக நான் சொல்வது உண்மையாகிவிடாது, எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேளுங்கள். ஆனால் அந்த மனிதர் ‘சர்க்கரையை அடியோடு குணமாக்குவேன்’ என்று விளம்பரம் செய்கிறாரா என்று பாருங்கள். 1954-ம் ஆண்டிலிருந்தே அந்த மாதிரி விளம்பரத்துக்கு இந்தியாவில் தடைச் சட்டம் இருக்கிறது, அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு.

அடுத்தது, மாத்திரை அல்லது கஷாயம் என்று வீட்டையே இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டீர்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நடையும் பத்தியமும் அப்படியே தொடரட்டும், மாத்திரை என்ன, எவ்வளவு என்று டாக்டர் புதிதாகப் பார்த்து எழுதட்டும், கஷாய பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். வெந்தயம், பாகற்காய் மாதிரிச் சிலவற்றுக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கிற குணம் உண்டு, அதனாலேயே டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், அவரிடம் போகலாம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மருந்தையும் சொல்லிவிட்டால் போதும்.

மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வருவது நடக்காத காரியம் என்றும் சொல்லாதீர்கள். சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களிடம், நன்றாக எடையைக் குறைக்க வைத்துப் பிரிட்டனில் செய்த ஆய்வில் ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். அப்பாவுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டதால் வாய்ப்பு குறைவு. ஆனால் அவர் ஆசைப்படுவது முட்டாள்தனமான ஆசை இல்லை.

கடைசியாக, 118 வந்துவிட்டதால் கலந்தது சரிதான் என்று நீங்கள் உள்ளூர நினைக்கிறீர்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவருக்கு அன்றைக்கு ரயில் வராமல் போனது மாதிரிதான் இது. வியர்த்து நடுங்கிய அந்த விடிகாலையில் அவர் தனியாக நடைக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உரிமை அவருடையது

அவர் புத்தி தெளிவோடு இருக்கிற பெரிய மனிதர். எந்த மருந்தை எடுப்பது, எதை மறுப்பது என்பது அவர் முடிவு. சம்மதம் இல்லாமல் மருந்து கொடுக்க எனக்கே அனுமதி கிடையாது, மகளுக்கும் கிடையாது. இதைச் சட்டமாக மட்டும் பார்க்காதீர்கள். ஏதோ ஒரு அவசரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ‘வேறு என்ன மருந்து எடுக்கிறார்?’ என்று டியூட்டி டாக்டர் கேட்டால் அவர் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வார், அதை நம்பித்தான் சிகிச்சை நடக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். இதே மாதிரி மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், ‘செத்துப்போக ஆசையா’ என்று கத்திவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு வருஷம் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. நான் அன்று சொன்ன மருத்துவம் முழுக்கச் சரி, அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எப்படிச் சொல்வது

இன்று சாயந்திரம், அம்மாவைத் தவிர யாரும் இல்லாத நேரம் பார்த்து, உட்கார்ந்து சொல்லுங்கள். “அப்பா, பத்து நாளா மோர்ல உங்க பழைய மாத்திரையைக் கலந்து கொடுத்தேன். பயத்துல செஞ்சிட்டேன், தப்புதான். அந்த 118 அதனாலதான் வந்திருக்கும்.” இவ்வளவு போதும். உங்கள் கஷாயம் வேலை செய்யவில்லை பார்த்தீர்களா என்று அந்த மூச்சிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள், மன்னிப்பு கேட்கும்போதே வாதத்தில் ஜெயிக்கப் பார்த்தால் இரண்டும் போய்விடும். கோபப்படுவார். சில நாள் உங்கள் கையால் தண்ணீர் கூட வாங்காமல் இருக்கலாம். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

டிரைவர் ஐயா விஷயத்தை உடனே சொல்லுங்கள், அது காத்திருக்காது. “அவர் உங்களை நம்பி ஊசியை நிறுத்தியிருக்கார்ப்பா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வரலாம்.” நண்பரின் உயிர் என்று வரும்போது அவர் செருப்பை மாட்டிக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு டைரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என்ன நடந்தா கஷாயம் போதலைன்னு நீங்களே ஒத்துப்பீங்க?” எண்ணும் தேதியும் அவரே சொல்லட்டும். எச்பிஏ1சி இத்தனைக்குக் கீழே, இந்த மாதத்துக்குள் என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். முன்கூட்டி எழுதாவிட்டால் இறங்கினால் கஷாயம், ஏறினால் கல்யாணச் சாப்பாடு என்று எதுவும் அவர் முடிவை அசைக்காது. என் விருப்பம், அவர் இந்த வாரமே மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பதுதான், 9.4-ல் காத்திருப்பது நல்லதில்லை. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் மறுத்தால், குறைந்தபட்சம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, வருஷத்துக்கு ஒரு முறை கண் விழித்திரை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், பாத உணர்வுப் பரிசோதனை, தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்ப்பது, இதற்காவது சம்மதம் வாங்குங்கள். பணம் ஒரு காரணமாக இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் போதும்.

அந்த டைரி அவரிடமே இருக்கட்டும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதிப் பழகிய கை, ஒரு டிக்கெட் கணக்கு இடித்தாலும் தூக்கம் வராதவராகத்தான் இருந்திருப்பார். 151, 134, 118 என்ற அந்த மூன்று எண்ணுக்கு நேரே ‘மோரில் மாத்திரை’ என்று அவரே எழுதட்டும். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை டிரைவர் ஐயாவிடம் அவரே கொண்டுபோய்க் காட்டட்டும்.